பூட்டிக் கிடக்கும் வீட்டில் இவ்வளவு தூசி எங்கிருந்து வருகிறது?

தெற்குத்தெரு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீக வீடு தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளத்தை அடுத்த ஒரு கிராமத்தில் இருக்கிறது. பெற்றோர் காலமான பிறகு வீடு பூட்டியே கிடக்கிறது. சென்னையிலிருந்து கோயில் கொடைக்கும், சொந்தத்தில் ஏதேனும் விசேஷம் என்றாலும் மட்டுமே போய் வருகிறோம். வீட்டின் முன்பகுதி மேற்குப் பார்த்த கான்கிரீட் கட்டடம். பின்பகுதி தாத்தா காலத்தது, சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரும் பனங்கைகள் தாங்கிய ஓட்டுக் கூரையும் கொண்டது.

ஒவ்வொரு முறை புறப்படும்போதும் கூட்டித் துடைத்து, எல்லா சன்னல்களையும் கொக்கி போட்டுச் சாத்திவிட்டுத்தான் கிளம்புகிறோம். ஆனாலும் இந்த ஆவணியில் கதவைத் திறந்தபோது, முன்கூடத்தில் நடந்தால் கால் தடம் பதியும் அளவுக்குத் தரை முழுவதும் சிவந்த பொடி படிந்திருந்தது. பின்பகுதியில் வெள்ளையும் பழுப்பும் கலந்த பொடி கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறிய வெண்டிலேட்டரைத் தவிர வேறு திறப்பே இல்லாத சாமான் அறையில்கூட, மடித்து வைத்த பாயின் மீதும் சாமி படங்களின் சட்டத்தின் மீதும் மெல்லிய சாம்பல் நிறத் தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது.

வீட்டுத் தூசியின் பெரும்பகுதி மனிதத் தோலிலிருந்து உதிர்வது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். ஆள் நடமாட்டமும் சமையலும் துணிமணிப் புழக்கமும் இல்லாத வீட்டில் அந்த விளக்கம் எப்படிப் பொருந்தும்? இது வெளியிலிருந்து வருகிறதா, வீடே உண்டாக்குகிறதா? இதைக் குறைக்க வழி உண்டா? என் அக்காவுக்கு மூச்சிரைப்பு இருப்பதால், வீட்டைத் திறக்கும் முதல் நாள் அவருக்கு மிகவும் சிரமமாகிவிடுகிறது. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

நெல்லைச்சாரல்

வணக்கம். உங்கள் வீடு பூட்டியிருக்கிறதே தவிர, காற்றுப் புகாமல் அடைபட்டிருக்கவில்லை. நம் ஊர் மரச் சன்னல்களின் இரண்டு கதவுகள் சேரும் இடத்திலும், கதவுக்கும் நிலைக்கும் நடுவிலும், வாசற்படிக்கு மேலும், ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களிலும் இருக்கும் இடைவெளிகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால், ஒரு சிறிய சன்னலைத் திறந்து வைத்ததற்குச் சமமாக வந்துவிடக்கூடும். அந்த வழியாகக் காற்று இரவும் பகலும் போய்வருகிறது. வெயிலில் வீட்டுக்குள் 10 பாகை வெப்பம் ஏறினாலே உள்ளிருக்கும் காற்றில் ஏறத்தாழ 3 சதவீதம் விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் அதே அளவு வெளிக்காற்று உள்ளே வரும். காற்று வீசும் நாட்களில் இதைவிடப் பன்மடங்கு காற்று உள்ளே தள்ளப்படும்.

ஒரு தோராயக் கணக்கைப் பாருங்கள். 1,000 சதுர அடிப் பரப்பும் 10 அடி உயரமும் உள்ள வீட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 280 கன மீட்டர். உள்ளிருக்கும் காற்று 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மாறுவதாகக் கொண்டால், ஒரு நாளில் 3,360 கன மீட்டர் வெளிக்காற்று அந்த வீட்டுக்குள் நுழைந்து வெளியேறுகிறது. 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட துகள்களுக்கு இந்தியாவில் வகுக்கப்பட்டுள்ள ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அந்த வரம்புக்குள் இருக்கும் நல்ல காற்றே என்று வைத்துக்கொண்டாலும், நாள்தோறும் 0.2 கிராம் துகள் உள்ளே வரும். அதில் பாதி படிந்தால் ஆண்டுக்கு 36 கிராம் ஆகிறது. எடையில் அது மிகச் சிறிய அளவுதான். ஆனால் மெல்லிய பொடியாக விரிந்து பளபளப்பான தரையில் படியும்போது கண்ணுக்கு நன்றாகவே தெரியும். இந்தக் கணக்கில் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் சேரவே இல்லை. உங்கள் முன்கூடத்தில் நீங்கள் கண்டதில் பெரும்பகுதி அந்தப் பெரிய துகள்களாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தச் சிவப்புப் பொடியின் ஊற்று உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. சாத்தான்குளம், குதிரைமொழி வட்டாரத்துத் தேரிக்காடுகளின் மணலில், ஒவ்வொரு மணியின் மீதும் இரும்புச் சத்தால் சிவந்த மெல்லிய மண்பூச்சு ஒட்டியிருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக நெருக்கிப் புகுந்து உங்கள் பக்கம் வீசுகிறது. மழையை மலைக்கு மேற்கிலேயே பெரும்பாலும் விட்டுவிட்டு வரும் அந்தக் காற்று, காய்ந்து கிடக்கும் நிலத்தைத்தான் எதிர்கொள்கிறது. மணல் மணிகள் கனமானவை என்பதால் தரையை ஒட்டித் துள்ளித் துள்ளித்தான் நகரும். ஆனால் அவை ஒன்றோடொன்று மோதி உரசும்போது கழன்று வரும் செந்நிறப் பொடி நெடுந்தொலைவு பறக்கும். மேற்குப் பார்த்த முன்கூடத்தில் சிவப்பும், உள்ளே போகப் போகச் சாம்பல் நிறமும் இருப்பதற்கும் இதுவே காரணம். பெரிய துகள்கள் நுழைந்த இடத்தை ஒட்டியே விழுந்துவிடுகின்றன. மிக நுண்ணியவை மட்டுமே காற்றோடு சாமான் அறை வரை போகின்றன.

விழும் வேகத்தைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். அசையாத காற்றில் 10 மைக்ரான் விட்டமுள்ள மண் துகள் 3 மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறத்தாழ 6 நிமிடம் போதும். 1 மைக்ரான் துகளுக்கோ அதே தொலைவைக் கடக்க ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகும். விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆள் வசிக்கும் வீட்டில் நடப்பது, விசிறி சுழல்வது, படுக்கையை உதறுவது எல்லாம் இந்த நுண்துகள்களை மறுபடி மறுபடி எழுப்பிவிடும். பூட்டிய வீட்டில் எழுப்ப யாரும் இல்லாததால், விழுந்தது விழுந்தபடியே கிடக்கிறது. அந்தச் சீரான படிவுக்கு அந்த அசைவின்மைதான் காரணம்.

தோல் பற்றிய செய்தி ஆள் வசிக்கும் வீட்டைப் பற்றியது. அங்கும் தூசி முழுவதும் தோல் அன்று. துணி இழை, முடி, சமையல் புகை, செருப்போடு வந்த மண் எல்லாம் கலந்தது. பூட்டிய வீட்டுக்கு அதிகத் தூசி வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். வருவது குறைவு; அகற்றுவதற்கு ஆள் இல்லை என்பதுதான் வேறுபாடு. ஐயம் இருந்தால், உங்கள் சென்னை வீட்டில் பீரோவின் மேல்தட்டைத் தடவிப் பாருங்கள். நாள்தோறும் கூட்டிப் பெருக்கும் வீட்டிலும், கை படாத அந்த ஓர் இடம் பூட்டிய வீட்டைப் போலவே இருக்கும்.

கட்டுமானப் பொறியாளர், நாகர்கோவில்

முன்கூடத்தைப் பற்றி மேலே சொல்லப்பட்டது முழுவதும் சரி. ஆனால் பின்பகுதிக்கும் அதே விளக்கத்தைப் பொருத்துவதை நான் ஏற்கவில்லை. வெள்ளையும் பழுப்பும் கலந்த பொடி என்று கேள்வி கேட்டவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அது வெளியிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த வீடே உதிர்கிறது.

கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உள்ள பழைய வீடுகளின் நோயே உப்புதான். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாமல் கட்டிய செங்கல் சுவர், நிலத்து உவர்நீரை மெல்ல மேலே உறிஞ்சும். நீர் ஆவியாகிப் போனதும் உப்பு சுவரிலேயே தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் சாதாரண உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைகிறது; அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகிறது. உங்கள் ஊரில் இரவில் ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டி, நண்பகலில் கீழே இறங்குவது ஆண்டின் பல நாட்களில் நடக்கும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகளுக்குள் படிகம் வளரும் ஒவ்வொரு முறையும் அது பூச்சை உள்ளிருந்து நெம்புகிறது. நாளடைவில் பூச்சு பொரிந்து, தொட்டால் மாவாக உதிரும் நிலைக்கு வந்துவிடும். தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை சுவரைக் கையால் தடவிப் பார்த்தால், இது நடக்கிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

கூரையையும் மறந்துவிடக் கூடாது. பனங்கையின் உட்புறச் சோற்றுப் பகுதியையும், ஓடு தாங்கும் சட்டங்களையும் வண்டு துளைத்தால் மாவு போன்ற உளு கொட்டும். உலர்மரக் கரையான் இருந்தால், கசகசா அளவில் ஆறு பக்கங்கள் கொண்ட சிறு மணிகள் ஒரே இடத்தில் குவியலாகக் கிடக்கும். கூட்டும்போது இதையும் தூசி என்று எண்ணி அள்ளி எறிந்துவிடுகிறோம். அது வீட்டின் பாரத்தைத் தாங்கும் மரம் உதிர்ந்தது என்பதால், இதைக் கவனிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று உண்மையான அக்கறையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய எளிய சோதனைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் சிறிது பொடியைத் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகையின் மீது எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ விட்டால், சுண்ணாம்பு இருந்தால் நுரைத்துப் பொங்கும். மற்றொரு சிட்டிகையைத் தண்ணீரில் இட்டுக் கலக்கினால் உப்பு கரைந்துவிடும், மண் அடியில் தங்கும், மர உளு முதலில் மிதக்கும். பொடி கிடந்த இடத்துக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சன்னலடியில் கிடப்பதற்கும் பனங்கைக்கு நேர் கீழே வரிசையாகக் கிடப்பதற்கும் பொருள் வேறு.

தெற்குத்தெரு

இருவருக்கும் மிக்க நன்றி. ஊரில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சாவி இருப்பதால், நீங்கள் சொன்னபடி செய்து பார்க்கச் சொன்னேன். நாங்கள் கூட்டாமல் விட்டிருந்த பரண் மீதும் மூலைகளிலும் இருந்து பொடி எடுத்து அவன் சோதித்திருக்கிறான். பின்பகுதிச் சுவரோரம் கிடந்த வெள்ளைப் பொடி எலுமிச்சைச் சாற்றில் நன்றாகப் பொங்கியது. முன்கூடத்துச் சிவப்புப் பொடியில் எந்த மாற்றமும் இல்லை. தண்ணீரில் இட்டபோது அடியில் படிந்து கலங்கலாக நின்றது. பின்பகுதியில் இரண்டு பனங்கைகளுக்கு நேர் கீழே மட்டும் பழுப்பு நிற மாவு தனியாகக் கிடந்ததாகவும், அது தண்ணீரில் மிதந்ததாகவும் சொன்னான். அங்கே ஆசாரியை அழைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து ஒரு கேள்வி. முன்கூடத்து வெண்டிலேட்டர்கள், சன்னல் இடுக்குகள், கதவடி எல்லாவற்றையும் தடித்த பாலித்தீன் தாளால் ஒட்டி முழுமையாக மூடிவிட்டால் தூசிப் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

பனைவிளை

அன்புள்ள தம்பி, தயவுசெய்து வீடு முழுவதையும் அப்படி மூடிவிடாதீர்கள். வெளியூரில் இருக்கும் உறவினர்களின் வீடுகளைத் திறந்து பார்த்துப் பராமரிக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. தூசிக்கு அஞ்சி இண்டு இடுக்கு விடாமல் அடைத்த ஒரு வீட்டை, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு திறந்தபோது, மர அலமாரியின் கதவுகளில் பூஞ்சணம் பச்சை பச்சையாகப் பூத்திருந்தது. இலவம்பஞ்சு மெத்தைகள் எல்லாம் முடை நாற்றம் அடித்தன. உங்கள் வீட்டுச் சுவர் ஏற்கெனவே நிலத்திலிருந்து ஈரம் உறிஞ்சுகிறது என்றால், அந்த ஈரம் வெளியேறவும் ஒரு வழி வேண்டும். மூச்சிரைப்பு உள்ளவருக்குத் தூசியைக் காட்டிலும் பூஞ்சணம் கெடுதல் குறைந்தது அன்று.

நான் செய்து பயன் கண்டவற்றைச் சொல்கிறேன். கட்டில், மேசை, சாமி படங்கள், பீரோ ஆகியவற்றின் மீது பழைய பருத்தி வேட்டியோ சேலையோ போர்த்திவிடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். அதன் அடியில் ஈரம் தங்கும். திரும்பி வந்ததும் துணியை உதறாமல், நான்கு முனைகளையும் உள்பக்கமாக மடித்துச் சுருட்டி அப்படியே வெளியே கொண்டுபோய் நனைத்துவிட வேண்டும். வெண்டிலேட்டர்களில் கொசுவலை அடித்தால் மண் ஓரளவே குறையும், ஏனென்றால் நுண்பொடி வலைக்கண்ணில் எளிதாகப் புகுந்துவிடும். ஆனால் வௌவால், குருவி, எலி ஆகியவை வராமல் தடுக்க அது அவசியம். அவற்றின் எச்சமும் நாளடைவில் காய்ந்து பொடியாகித் தூசியோடு கலந்துவிடுகிறது. அப்படி எச்சம் கிடந்தால் வறட்டுத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது. தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் அள்ள வேண்டும்.

குளியலறையிலும் கவனம் தேவை. தரை வடிகாலில் நானி டிராப் என்று குழாய் வேலை செய்பவர்கள் சொல்லும் கிண்ணத்தில் நிற்கும் தண்ணீர், ஆள் இல்லாத வீட்டில் ஆவியாகிப் போய்விடும். பிறகு அந்த வழியாகக் கரப்பானும் நாற்றமும் தடையின்றி உள்ளே வரும். கிளம்பும்போது அதில் தண்ணீர் நிரப்பி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் தண்ணீர் நெடுநாள் நிற்கும்.

உங்கள் அக்காவைப் பற்றி ஒரு சொல். அவர் முதல் நாள் வரவே வேண்டாம். ஒருவர் முன்கூட்டியே போய் எல்லா சன்னல்களையும் திறந்துவிட்டு, நூலாம்படையை ஈரத்துணி சுற்றிய கம்பால் எடுத்து, மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டு வந்து, கடைசியாகத் தரையைத் துடைக்க வேண்டும். நுண்ணிய துகள் கீழே இறங்க 9 மணி நேரம் ஆகும் என்று மேலே ஐயா எழுதியிருக்கிறாரே, ஓர் இரவு விட்டு மறுநாள் காலையில் இன்னொரு முறை ஈரத்துணியால் துடைக்கச் சொல்வதற்குக் காரணம் அதுதான். அதற்குப் பிறகு அக்கா வரட்டும்.

நெல்லைச்சாரல்

அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பின்பகுதியைப் பொறுத்தவரை பொறியாளர் ஐயாவின் கருத்தே சரி என்பதைச் சோதனை காட்டிவிட்டது. இனி எந்தப் பக்கத்தை அடைப்பது, எந்தப் பக்கத்தை விடுவது என்பதை மட்டும் பார்ப்போம்.

ஆடியில் காற்று மேற்கிலிருந்து சுவரில் மோதும்போது மேற்குச் சுவரில் அழுத்தம் கூடுகிறது, கிழக்குச் சுவரை ஒட்டி அழுத்தம் குறைகிறது. ஆகையால் காற்று மேற்கு இடுக்குகள் வழியாக மண்ணோடு நுழைந்து கிழக்கு வழியாக வெளியேறுகிறது. நுழையும் வாயை மட்டும் அடைத்தால் போதும். வைகாசி கடைசியில் மேற்குப் பக்கத்துச் சன்னல் இடுக்குகளில் பஞ்சுப் பட்டையோ ரப்பர் பட்டையோ ஒட்டி, வாசற்கதவின் அடியில் ரப்பர் பட்டை வைத்து, அந்தப் பக்க வெண்டிலேட்டர்களை உள்ளிருந்து பலகை வைத்து மூடுங்கள். கிழக்கு வெண்டிலேட்டர்கள் வலையோடு திறந்தே இருக்கட்டும். ஆவணியில் காற்று தணிந்ததும் மேற்கு வெண்டிலேட்டர் பலகைகளை எடுத்துவிட்டால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீட்டுக்குக் காற்றோட்டம் கிடைக்கும். அந்த மழை கிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் என்பதால், கிழக்கு வெண்டிலேட்டர்களுக்கு மேலே மழைத்தடுப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறைதான் முழுமையாகச் சுத்தம் செய்ய முடியும் என்றால், அதைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. பிரிட்டனில் பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் வல்லுநர்கள், ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் சூழலில் படிந்த தூசி பரப்போடு இறுகி ஒட்டிக்கொள்வதைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஆடியில் படிந்த மண்ணை ஐப்பசி மழைக்கு முன் எடுத்துவிட்டால் உலர்ந்த பொடியாக எளிதில் வந்துவிடும். தை வரை விட்டுவைத்தால் மரச் சாமான்களிலும் சாமி படங்களின் கண்ணாடியிலும் கறையாகப் பிடித்துக்கொள்ளும். தேய்த்து எடுக்கும்போது மணல் துகள் கீறலையும் உண்டாக்கும்.

அடைத்தது பயன் தருகிறதா என்பதை அறிய, அடுத்த வைகாசியில் கிளம்பும்போது ஒரே அளவுள்ள கண்ணாடித் துண்டுகளைத் துடைத்து, ஒவ்வொரு மேற்குச் சன்னலின் அடியிலும் ஒன்றும், கூடத்தின் நடுவில் ஒன்றும், சாமான் அறையில் ஒன்றுமாக வைத்துவிட்டுப் போங்கள். ஒரு சன்னலை மட்டும் அடைக்காமல் விட்டுவிடுங்கள். ஆவணியில் வந்ததும் அந்தத் துண்டுகளை ஒரு கறுப்புத் துணியின் மீது வரிசையாக வைத்துப் பார்த்தால், அடைத்த சன்னலுக்கும் அடைக்காததற்கும் உள்ள வேறுபாடும், இன்னும் எந்த இடுக்கு வழியாக மண் வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.